கொஞ்சம் நீலம் கம்மி

மார்ச் 3, செவ்வாய்

கண்ணுக்குள் மணல் குடிவந்திருக்கிறது. வாடகையும் தருவதில்லை, காலி செய்கிற உத்தேசமும் இல்லை. மனைவி தன் கண்ணுக்கு வாங்கி வைத்திருக்கும் சொட்டு மருந்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்து விட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். உனக்கு எதற்கு இந்த மருந்து என்று கேட்டால் என் புகைதான் காரணம் என்பாள். அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் என் புகைதான் காரணம்.

இன்று பட்டறைக்கு ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. சாம்பல் என்பது பொதுஜனம் சொல்வது. அந்தச் சாம்பலுக்குள் நீலம் இருக்கும், பச்சை இருக்கும், சில கார்களில் எதற்கென்றே தெரியாத ஓர் ஊதா இருக்கும். காரைச் செய்தவர்கள் நிறத்துக்கு ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண்படி கலந்து அடித்தால் புதுக் காருக்குப் பொருந்தும். வருடக்கணக்கில் வெயிலில் நின்ற காருக்கு அப்படி அடித்தால், நிமிர்த்திய கதவு மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி தனியாகத் தெரியும். வெயில் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்த்து, இதில் ஒரு துளி அதில் ஒரு துளி என்று கலந்து கொடுக்கிறவன் நான். இந்தப் பட்டறைக்கே என் கண்தான் சோறு போடுகிறது என்று முதலாளியம்மா ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு சொல்லவில்லை, ஆனாலும் நான் மறக்கவில்லை.

நான் கலந்து கொடுப்பதை வாங்கிக் காரில் அடிக்கிற பெயின்டருக்குத் தும்மல் என்று பட்டப்பெயர். முகமூடியை மாட்டிக்கொண்டு பெயின்ட் நெடியில் நாள் முழுக்க நிற்பான், அவனுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே பெயின்டைக் கரைக்கிற, பொறி பட்டால் பற்றிக்கொள்கிற தின்னர் டப்பாக்கள் இருப்பதால் நான் பின்சுவருக்கு அந்தப் பக்கம் போய்த்தான் சிகரெட் பிடிப்பேன். பிடித்துவிட்டு அறைக்குள் வந்தால் போதும், என் சட்டையைப் பார்த்தே தும்மத் தொடங்கிவிடுவான். கண்ணைக் கசக்கிக்கொண்டு, எரியுதுண்ணே என்பான். எரியாமல் குளிரவா செய்யும்? நல்ல நடிகன், தொழிலை மாற்றி வந்துவிட்டான்.

மார்ச் 5

மைத்துனன் போன் செய்தான். சிகரெட்டை விட்டுவிட்டானாம். அவன் விட்டாலும் அது அவன் வாயை விட்டபாடில்லை. முன்பு புகைத்தான், இப்போது அதைப் பற்றிப் பேசுகிறான். புகையாவது ஜன்னல் வழியாக வெளியே போகும்.

மார்ச் 9, திங்கள்

நிறம் கலக்கும் அறையில் ட்யூப்லைட் சரியில்லை. எல்லாம் மங்கலாக இருக்கிறது. முதலாளியம்மாவிடம் சொன்னேன். போன மாதம்தானே மாற்றினோம் என்றார். இன்னொன்று மாற்றுங்கள், கண்ணால் பிழைக்கிறவனுக்கு வெளிச்சம் கொடுக்காமல் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள் என்றேன். மாற்றினார். புதுசும் அதே மாதிரி மங்கல். இப்போதெல்லாம் எவன் ஒழுங்காகப் பொருள் செய்கிறான்? ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தும்மல் எதையோ முணுமுணுத்தான். 'கூடம் கோணல்' என்பது மட்டும் காதில் விழுந்தது. ஆடத் தெரியாதவளின் கதை எனக்கும் தெரியும்.

வீட்டில் இன்னொரு கூத்து. மனைவி டிவியைப் படுக்கையறைக்கு மாற்றிக்கொண்டாள். கூடத்தில் உட்கார்ந்தால் கண் எரிந்து தண்ணீர் கொட்டுகிறதாம். சீரியலில் அத்தனை பேரும் அழுகிறார்கள், நீயும் கூட அழுகிறாய், அதற்கு நானா பொறுப்பு என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். இனிமேல் கூடம் முழுக்க என் ராஜ்ஜியம். நாற்காலி, சாம்பல் கிண்ணம், நான். பேச்சுக்கொரு ஆள்தான் இல்லை.

மார்ச் 14, சனி

இன்று நான் யார் என்று காட்டினேன். வந்தது வெள்ளைக் கார். வெள்ளைதானே என்று நினைப்பவர்கள் வந்து கலந்து பார்க்கட்டும். உள்ளுக்குள் முத்து மின்னும், ஓரத்தில் நீலம் ஒளிந்திருக்கும், நேராகப் பார்த்தால் ஒன்று, சாய்த்துப் பார்த்தால் வேறொன்று. மத்தியானம் வரைக்கும் கலந்து, அட்டையில் அடித்துப் பார்த்து, போதும் என்று தோன்றியதும் தும்மலிடம் கொடுத்துவிட்டுப் பின்சுவருக்குப் போனேன். சாயங்காலம் வண்டிக்காரர் எந்தப் பக்கம் இடிபட்டது என்பதையே மறந்துபோய் இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றித் தேடினார். முதலாளியம்மா சிரித்தார். தும்மல் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொறாமைக்கு மருந்து இல்லை.

மார்ச் 15

செய்தித்தாள்காரர்கள் மையை மிச்சம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எழுத்தே தெரியவில்லை. எதிரே வருகிற வண்டிகளின் விளக்குகளில் முள் முளைத்திருக்கிறது. உலகமே கெட்டுத்தான் போய்விட்டது.

மார்ச் 23, திங்கள்

தும்மல் ஒரு வாரம் விடுமுறை. தங்கைக்குப் பிரசவமாம், மாமன் இல்லாமல் குழந்தை பிறக்காதாம். அவன் இடத்துக்கு ஒரு மாற்று ஆள் வந்திருக்கிறான். தும்மல் இல்லை, முணுமுணுப்பு இல்லை, எரியுதுண்ணே இல்லை. கொடுத்ததை வாங்கி அப்படியே அடிக்கிறான். இப்படி ஓர் ஆளைத்தான் நான் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 26, வியாழன்

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

ஒரு பல் டாக்டரம்மாவின் கார். வெள்ளை. செவ்வாய்க்கிழமை கலந்தேன், நேற்று மாற்று ஆள் அடித்தான், இன்று காலை எடுத்துப்போக வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார், நின்றார், முதலாளியம்மாவைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

"இது என் கதவு இல்லையே. வேற கார்லேர்ந்து கழட்டி மாட்டிட்டீங்களா?"

பல்லைப் பார்க்கிறவருக்குக் கதவைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முதலாளியம்மா குனிந்து பார்த்தார், அவர் முகம் மாறியது. நசுங்கினதைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கரைக் கூப்பிட்டார். அவனும் பார்த்துவிட்டு, கதவு மஞ்சள் அடிக்குது என்றான். கணக்கு எழுதுகிற பெண் எட்டிப் பார்த்தாள். அவளும் தலையை ஆட்டினாள். கேட் காவல்காரர்கூடப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். ஊரே கூடித் தேர் இழுக்கிறது, தேர் எங்கே என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

காரை வெயிலுக்குத் தள்ளச் சொன்னேன். குனிந்து பார்த்தேன், சாய்ந்து பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இந்தக் கதவும் வெள்ளை, அந்தக் கதவும் வெள்ளை. ஒரே வெள்ளை. மாற்று ஆள் தின்னரை அதிகம் ஊற்றிவிட்டான் என்றேன். டப்பா பழைய சரக்கு என்றேன். உங்களுக்கெல்லாம் கண்ணில் கோளாறு என்றும் சொன்னேன். அத்தனை பேரும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தார்கள். பின்சுவருக்குப் போய்ப் பற்றவைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

மறுபடி கலந்தேன், மறுபடி அடித்தோம். மறுபடி மஞ்சளாம். முதலாளியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க ஒரு தடவ கண்ணக் காட்டிட்டு வந்துருங்களேன்" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

பாதி நாளிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். கையோடு இரண்டு சோதனை அட்டைகள். ஒன்று அந்தக் காரின் அசல் நிறம், இன்னொன்று நான் கலந்தது. பளிச்சென்ற மத்தியான வெயிலில் ஜன்னலோரம் வைத்து மனைவியைக் கூப்பிட்டேன். அவளுக்குக் காரும் தெரியாது, பெயின்டும் தெரியாது. ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இது வெள்ள. இது பழைய வேட்டி மாதிரி இருக்கு. இதுக்கா கூப்பிட்டீங்க?"

எனக்கு ஏன் தெரியல? நிஜமாவே தெரியலியே. ரெண்டையும் மாத்தி மாத்தி வச்சுப் பாத்துட்டேன். எது எதுன்னே மறந்துபோச்சு — கடைசியில பின்னால எழுதியிருக்கிறத வச்சுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்துச்சு.

மார்ச் 28

பட்டறைக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சொல்லி அனுப்பினேன். பொய் சொல்வதற்காவது இன்னும் கண் தேவைப்படவில்லை.

மார்ச் 30, திங்கள்

தும்மல் வந்துவிட்டான். தங்கைக்குப் பெண் குழந்தை. எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். அந்தப் பல் டாக்டரம்மாவின் கார் இன்னும் மூலையில்தான் நிற்கிறது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். சொறிந்த விதத்திலேயே எனக்கு ஏதோ உறைத்தது. உனக்கு என்னடா தெரியும் என்று கேட்டேன். மழுப்பினான். விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நீலம் கம்மிண்ணே. நீங்க கலக்குறதுல கொஞ்ச நாளாவே நீலம் கம்மி. நான் அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு சொட்டு விட்டுக்குவேன்."

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள்? ஒரு வருடத்துக்கு மேலேயாம்.

ஒரு வருடம்! அந்த முத்து வெள்ளை? அதுவும் அவன் விட்ட சொட்டுதான். இருக்கிற கோபத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, என் அறையில் என் கலவையில் எனக்குத் தெரியாமல் எப்போதடா கை வைத்தாய் என்றேன். இதற்கு மட்டும் கொஞ்சம்கூடத் தயங்காமல் பதில் சொன்னான்.

"நீங்கதான் கலந்து முடிச்சதும் தம் அடிக்கப் போயிடுவீங்களே. அந்த நேரம்தான்."

ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் நீங்கள் கேட்கிற ஆளா என்றான். ட்யூப்லைட்டைத்தான் மாற்றுவீர்கள் என்றும் சொன்னான். முதலாளியம்மாவிடம் போட்டுக்கொடுத்திருந்தால் என் இடமே அவனுக்குக் கிடைத்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்தப் பயல். நான் வெளியே போய்ப் புகை விட்ட நேரமெல்லாம் உள்ளே என் பிழைப்பைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறான். அவனைத்தான் நடிகன் என்று இதே நோட்டில் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

கண் ஆஸ்பத்திரிக்குப் போக நாள் பார்த்தேன் பாருங்கள், முட்டாள்கள் தினம்.

மனைவியும் வந்தாள். கண்ணில் மருந்து விட்டு, நீளமான நடைபாதையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். எல்லோரும் தலையை அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டு மோட்சத்துக்குக் காத்திருந்தோம். பிறகு ஓர் இருட்டறை. டாக்டருக்கு வயது மிஞ்சிப்போனால் முப்பது இருக்கும். ஓர் இயந்திரத்தில் என் முகவாயை வைக்கச் சொல்லி வெளிச்சத்தைப் பாய்ச்சினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். என் கண்ணுக்குள் அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை, கல்யாணமான புதிதில்கூட.

முதலில் கேட்டது கண்ணைப் பற்றி இல்லை, எவ்வளவு வருடமாகப் பிடிக்கிறீர்கள் என்று. அது எதற்கு, நான் மூக்கால் விடுகிறேன், கண்ணால் இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. இந்த ஜோக்கைத் தினமும் யாராவது சொல்வார்கள் போலிருக்கிறது.

அடுத்து என் மனைவியை உட்காரச் சொல்லி அவள் கண்ணையும் பார்த்தாள். கண்ணீர்ப் படலம் காய்ந்து, சிவந்து கிடக்கிறது, நீங்களும் சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டாள். என் மனைவி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அவரு புடிக்கிறதுல பாதி எனக்குத்தான் டாக்டர்."

அதற்கு மட்டும் டாக்டர் சிரித்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். இரண்டு கண்ணிலும் புரை. லென்ஸ் பழுப்பேறிக் கிடக்கிறது. பழுப்பு முதலில் விழுங்குவது நீலத்தைத்தானாம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்கு அந்த மஞ்சளும் தெரியவில்லை, ஏனென்றால் நான் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே என்றேன். வரும், ஆனால் புகை உங்களுக்கு அதைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்றாள். மணல் உறுத்துவதற்கும், விளக்குகளில் முள் முளைத்ததற்கும்கூடக் காரணம் சொன்னாள். செய்தித்தாள்காரர்கள் மீது குற்றமில்லையாம்.

பிறகு கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுவிலுள்ள புள்ளியைப் பார்க்கச் சொன்னாள். வலது கண்ணுக்குக் கோடெல்லாம் நேர். இடது கண்ணால் பார்த்தால் நடுவில் கோடுகள் வளைந்து, புள்ளி இருக்கும் இடத்தில் ஓர் அழுக்கு. தாள் சரியாக அச்சாகவில்லை என்றேன். அவள் தாளை என் கையிலிருந்து வாங்கித் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தாள். அழுக்கு அதே நடுவில்தான் இருந்தது.

லென்ஸை மாற்றிவிடலாம், பின்னால் இருக்கும் விழித்திரையை மாற்ற முடியாது. இடது கண்ணில் அதன் நடுப்பகுதி கெட்டுவிட்டது. வலது கண்ணிலும் புள்ளிகள் தொடங்கியிருக்கின்றன. சிகரெட்டை விட்டுவிட்டால் இடது திரும்புமா என்று கேட்டேன்.

"போனது வராது. ஆனா வலது கண்ணு அதே வழியில போகாம இருக்க, உங்க கையில இருக்கிறது அது ஒண்ணுதான். விட்டுட்டா ஆபத்து குறையும். விடலன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

இடது கண் எப்போது போனதென்றே எனக்குத் தெரியாது. வலது கண் இரண்டு பேர் வேலையையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. பட்டறையில் ஒரு தும்மல், முகத்தில் ஒரு தும்மல். எனக்கு வாய்த்த நல்ல ஆட்கள் எல்லாம் வாயைத் திறக்காத ஆட்கள்.

ஏப்ரல் 2

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று மனைவி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பயமா இருக்கு.

ஏப்ரல் 6, திங்கள்

விட்டுக்கொண்டிருக்கிறேன். அதாவது காலையில் விடுகிறேன், மத்தியானம் சேர்ந்துகொள்கிறேன், சாயங்காலம் மறுபடி விவாகரத்து.

செய்தி கேட்டு மைத்துனன் நேரிலேயே வந்துவிட்டான். பையில் ஏலக்காய், கிராம்பு, மிட்டாய், ஒரு ரப்பர் பந்து. ஆசை வரும்போது பந்தை அழுத்த வேண்டுமாம். அவன் பேசப் பேச நான் அழுத்தினேன். "மாமா, ஒரு வாரம் தாண்டிட்டீங்கன்னா அப்புறம் ஒண்ணுமே இல்ல" என்றான். போன தடவை மூன்று நாள் என்று சொன்னவன் இவன்தான். ஆனாலும் போகும்போது வாசலில் நின்று, முதல் மாதம் தானும் குளியலறையில் உட்கார்ந்து அழுததாகச் சொன்னான். அதைப் போனில் ஒரு நாளும் சொன்னதில்லை. முதல் முறையாக அவன் சொன்ன ஒன்றைக் காது கொடுத்துக் கேட்டேன்.

மாலையில் உப்பு ஒரு கல் கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளினேன். தண்ணீர் சூடாக இருக்கிறது என்று கத்தினேன். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, பேசாம ஒண்ணு புடிச்சுத் தொலைங்க என்றாள். சொன்ன மறுநிமிடமே, வேண்டாம், சும்மா சொன்னேன் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். அதற்குள் நான் மொட்டை மாடிப் படியில் இருந்தேன். பற்றவைத்தேன். பாதியில் அணைத்தேன் என்று எழுத ஆசை. முழுசாகப் பிடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

ஏப்ரல் 16, வியாழன்

வலது கண்ணுக்கு ஆபரேஷன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செய்கிறார்கள். எதையும் உணரவில்லை, பெரிய வெளிச்சம் ஒன்று ஆடியது, யாரோ காபி நன்றாக இல்லை என்று பேசிக்கொண்டார்கள். என் சோற்றுப் பானையைத் திறந்து வைத்துக்கொண்டு காபியைப் பற்றிப் பேச்சு! (இதை இடது கண்ணால் எழுதுகிறேன். வரி எந்தப் பக்கம் போகிறதோ தெரியாது.)

ஏப்ரல் 17, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள்.

நர்ஸ் போட்டிருந்த உடை நீலம். நீலம் என்றால் என்ன நீலம்! இதற்கெல்லாம் நீலம் என்று ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டார்களே, நான் இத்தனை நாள் பார்த்ததற்கு என்ன பெயர்? வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன். பழைய டீக்கறை. மறுபடி வலது. மறுபடி நீலம். மூடி மூடித் திறந்ததில் அந்தப் பெண் என்னைத் தப்பாக நினைத்துவிட்டாள். என் மனைவிதான் அவளிடம் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தேன். கூடத்துக் கூரை வெள்ளை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைதான், ஓரங்களில். என் நாற்காலிக்கு மேலே மட்டும் ஒரு பெரிய வட்டம், காய்ந்த புகையிலை நிறம். அதன் நடுவில் கருப்பு. நிறம் கலக்கிறவன் வீட்டுக் கூரை! ஒரு காரில் இப்படி இருந்தால் நானே வண்டியை உள்ளே விடமாட்டேன். எப்போதிலிருந்து இப்படி என்று மனைவியைக் கேட்டேன். பெயின்ட் அடிக்கலாம் என்று மூன்று தடவை சொன்னேனே, நல்லாத்தானே இருக்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள் என்றாள். அவள் கண் வெள்ளையில் சிவப்பு நூல் நூலாக ஓடுகிறது. அதை எல்லாம் நான் சீரியல் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். கூரைக்கு என்றேன். அவளுக்குப் புரிந்திருக்கும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

பரிசோதனைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சிக்னலில் பேருந்து நின்றது. ஜன்னலுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கார், பின் கதவு மட்டும் பால் ஏடு நிறம். நம்முடையதாக இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கதவின் ஓரத்தில் பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது, வேறு எவனோ செய்த வேலை. எனக்கு வந்த நிம்மதியைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் பரீட்சை பாஸ் என்று நினைத்திருப்பார். தும்மல் இல்லாத எந்தப் பட்டறையோ பாவம்.

இடது கண்ணிலும் புரையை எடுக்கலாம், வெளிச்சம் கூடும், ஆனால் நடுப்பார்வை வராது என்று டாக்டர் இன்றும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன், ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்கிறாள். அலுக்காமல் சொல்கிறாள்.

சாயங்காலம் மனைவி எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தேன். காது தெரிகிறது, தோள் தெரிகிறது, மடிக்கிற கை தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஈரப் பெயின்டை யாரோ கட்டைவிரலால் தேய்த்துவிட்டது போல ஒன்றுமில்லை. கண்ணை அவள் நெற்றிக்கு நகர்த்தினால் நெற்றி போய்விடுகிறது. எங்கே பார்க்கிறேனோ அதுதான் இல்லை. என்ன பாக்குறீங்க என்று கேட்டாள். சும்மா என்றேன். கையை எடுத்தேன். வலது கண்ணில் அவள் முழுசாக இருந்தாள், மூக்கருகே இருக்கிற மச்சம் உட்பட.

அந்தக் கண்ணும் போயிட்டா? அதுக்கப்புறம் இவ குரல மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?

சட்டைப் பையில் இருந்த பாக்கெட்டை அவளிடம் கொடுத்தேன். எங்கே ஒளித்து வைப்பது என்று கேட்டாள். ஒளித்தால் தேடிக் கண்டுபிடித்துவிடுவேன், இப்போது ஒரு கண் நன்றாகத் தெரிகிறது என்றேன். தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு வந்தாள்.

மே 4, திங்கள்

மறுபடி வேலை. முதலாளியம்மாவிடம் இடது கண்ணைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட நல்லது. அவர், தும்மலும் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் வண்டிக்கு அடிப்பது என்று வைத்துக்கொள்வோமா என்று கேட்டார். அது போன வருடமே அமலுக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.

மே 7

பல்லைக் கடித்துக்கொண்டே இருந்ததில் தாடை வலிக்கிறது. பல் டாக்டரம்மாவிடம் போகலாம், ஆனால் எந்த முகத்தோடு போவது?

மே 19, செவ்வாய்

வெளிர் சாம்பல் கார் ஒன்று. காலை முழுக்க அதோடுதான். கை இன்னும் பழைய கண்ணின் பழக்கத்தில் அளக்கிறது. கலந்து முடித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். தும்மல் வந்து கலவையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தான். மறுபடி என்னைப் பார்த்தான். என்னடா என்றேன்.

"இல்லண்ணே... நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்களேன்."

வெளியே எனக்கு ஒரு வேலையும் இல்லை என்றேன். தலையைச் சொறிந்தான். அவனுக்கு இது புதுக் கஷ்டம், பாவம். இவ்வளவு நாளாக இந்த நேரத்தில் நான் இங்கே இருந்ததே இல்லை. அவன் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். நான்தான் கேட்க வேண்டும்.

"நீலம் கம்மியா?"

"கொஞ்சம்."

"என் முன்னாடியே ஊத்து."

டப்பாவை எடுத்துச் சாய்த்தான். ஒரு சொட்டு. கலக்கினான். இன்னொரு சொட்டு. நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இரண்டாவது சொட்டு கரைந்தபோது சாம்பல் மெல்ல நகர்ந்து காரின் நிறத்துக்கு வந்து நின்றது. போதும் என்றேன். அதே நேரத்தில் அவனும் போதும் என்றான்.